மாற்று வேட்பாளர்

தவசிமுத்துவுக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் எழுந்து போகப் பயமாக இருந்தது. மண்டபத்தின் கழிப்பறை பந்திக் கூடத்தையும் தாண்டிப் பின்பக்கம் இருந்தது. போகிற வழியில் நாலு பேர் கும்பிடுவார்கள், கும்பிட்டவர்களிடம் நின்று நலம் விசாரிக்காமல் வர முடியாது, முட்டுவலிக் காலை இழுத்துக்கொண்டு திரும்புவதற்குள் மேடையிலிருந்து பெயரைக் கூப்பிட்டுவிட்டால்? கூப்பிட்ட ஆள் இடத்தில் இல்லை என்றால் பக்கத்தில் இருக்கிற ஆளைக் கூப்பிடுவார்கள். உலகம் அப்படித்தான் நடக்கிறது, அதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி யார் இருக்கிறார்கள்? அதனால் முதல் வரிசை சோபாவில், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை கசங்காமல், தொடைகளை நெருக்கி வைத்துக்கொண்டு, ஒரு முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் இப்படி நெளிவதைப் பார்த்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று அதையும் சேர்த்து நினைத்துக்கொண்டு, நெளிந்துகொண்டிருந்தார். தாலியை அவர்தான் எடுத்துக் கொடுக்கப் போகிறார். செண்பகராஜ் வாக்குக் கொடுத்திருக்கிறான். செண்பகராஜ் அவர் எம்.எல்.ஏ.வாக இருந்த ஐந்து வருடமும் அவருக்கு ஜீப் ஓட்டியவன், இப்போது சொந்தமாக இரண்டு லோடு வண்டி வைத்திருக்கிறான். மாப்பிள்ளை வெற்றிக்குமரன் அவனுடைய மூத்த பையன், இவர் ஜெயித்த தேர்தலின் முடிவு வந்த வாரத்தில் பிறந்தவன், பெயர் வைத்ததே தவசிமுத்துதான். பத்திரிகை வைக்க வந்தபோது செண்பகராஜ் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னான். "தலைமைன்னு எம்மெல்லே பேரப் போட்டுருக்கேன் அண்ணாச்சி. ஒங்க பேரு முன்னிலையில இருக்கு. தப்பா நெனச்சிராதீங்க, கட்சியில சொன்னாங்க, தட்ட முடியல. ஆனா தாலி ஒங்க கையாலதான். அதுல பேச்சே கெடையாது." அப்போது தவசிமுத்து, இதெல்லாம் எதுக்குப்பா, சின்னஞ்சிறுசுக நல்லா இருந்தாப் போதாதா என்று பெருந்தன்மையாகத்தான் சொன்னார். அவன் தலை மறைந்ததும் டீக்கடைக்குப் போய்ச் சொன்னார். முடிவெட்டிக்கொள்ளும்போது சொன்னார். மனைவி ராஜகனியிடம் மூன்று தடவை சொன்னார். ராஜகனி காலையில் வேட்டியை எடுத்துக் கொடுத்தபடியே, "நீங்க எடுத்துக் குடுத்துட்டு வந்து சொல்லுங்க, அப்பறம் நம்புறேன்" என்றாள். அவளுடைய வாய் எப்போதும் அப்படித்தான்.

மேடையில் புரோகிதர் கிடையாது, ஓமம் கிடையாது, கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணம். ஆனால் நல்ல நேரம் மட்டும் உண்டு. அதை விட்டுக்கொடுக்கிற கொள்கைக்காரனைத் தவசிமுத்து இதுவரை பார்த்ததில்லை. ஒன்பது மணிக்குள் தாலி ஏற வேண்டும் என்று பெண் வீட்டார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். எம்.எல்.ஏ. பாலவிநாயகம் இன்னும் வந்து சேரவில்லை. வராத எம்.எல்.ஏ.வை ஈடுகட்ட ஒலிபெருக்கியில் இடிமுழக்கம் கந்தவேல் பேசிக்கொண்டிருந்தார், 'இடிமுழக்கம்' அவரே வைத்துக்கொண்டது. "நம் எழுச்சி நாயகர், சட்டமன்ற உறுப்பினர் அவர்கள், புறவழிச்சாலையை நெருங்கிவிட்டார்கள் என்ற இனிப்பான செய்தி இப்போது கிடைத்திருக்கிறது." இந்த இனிப்பான செய்தி ஏற்கெனவே இரண்டு தடவை கிடைத்துவிட்டது. நெருங்கிவிட்டார் என்றால் இன்னும் குளித்து முடிக்கவில்லை என்று அர்த்தம், இது தவசிமுத்துவுக்குத் தெரியாதா? அவரும் நெருங்கிக்கொண்டே இருந்தவர்தானே ஒரு காலத்தில். பேச்சுக்கு நடுவில் கந்தவேல் மறுபடி மறுபடி அவர்களே அவர்களே என்று வந்திருந்தவர்களை வரிசையாக விளித்தார், ஒவ்வொரு தடவையும் தவசிமுத்துவின் காது தானாக நிமிர்ந்தது. ஒன்றியச் செயலாளர் அவர்களே, பேரூர்ச் செயலாளர் அவர்களே, கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, அதற்குப் பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு, முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஐயா அவர்களே. பெயர் இல்லை. கூட்டுறவுச் சங்கத்துக்காரனுக்குப் பெயர் இருந்தது, இனிஷியல் இருந்தது, 'செயல்வீரர்' இருந்தது. போன தடவை பேரைச் சொன்னானா, இல்லையா? சொன்னான் என்றுதான் ஞாபகம். ஒருவேளை நேரம் ஆக ஆகப் பேர் தேய்ந்துகொண்டு வருகிறதோ. பக்கத்து சோபாவில் யாரும் உட்கார்ந்துவிடாமல் ஒரு பூத்துவாலையை விரித்துப் போட்டிருந்தார்கள். ஆள் வராமலே அந்தத் துவாலைக்கு என்ன மரியாதை, குழந்தைகள்கூட அதைச் சுற்றிக்கொண்டு ஓடின. தவசிமுத்து தன் சோபாவை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். இதில் யாரும் துண்டு போட்டிருக்கவில்லை, அவரே வந்து உட்கார்ந்ததுதான்.

முன்னாள் என்ற சொல்லை எவன் கண்டுபிடித்தானோ. முன்னாள் டாக்டர் உண்டா, முன்னாள் வாத்தியார் உண்டா, சாகிறவரைக்கும் வாத்தியார் வாத்தியார்தான். சரி, ஆனாலும் முன்னாள் என்று சொல்வதற்காவது ஒரு நாள் அவர் எம்.எல்.ஏ.வாக இருந்தாரே, அது எப்படி நடந்தது? நினைக்க வேண்டாம் என்று நினைத்தார், நினைப்பு அங்கேதான் போய் நின்றது, பல்லில் சிக்கிய பாக்கை நாக்கு தேடிப் போகிற மாதிரி. நல்லமங்கலம் தொகுதிக்குக் கட்சி அறிவித்த வேட்பாளர் குருசாமி. மாவட்டச் செயலாளர் என்பதால் அவரை எல்லோரும் மாவட்டம் என்றே கூப்பிடுவார்கள், மாவட்டம் தும்மினால் மாவட்டமே தும்மும். பெரிய கட்சிகளில் ஒரு வழக்கம் உண்டு, வேட்பாளரோடு இன்னொருவரையும் மனுத் தாக்கல் செய்ய வைப்பார்கள், அசல் மனுவில் ஏதாவது கோளாறு என்றால் கைக்கு இருக்கட்டும் என்று. அந்த ஆளுக்கு மாற்று வேட்பாளர் என்று பெயர். அதற்கு வாய் இல்லாத ஆளாகப் பார்க்க வேண்டும், நாளைக்கு எதிர்த்து நிற்காத ஆளாக. மாவட்டம் சுற்றிலும் பார்த்துவிட்டு, "தவசி, வெள்ளச் சட்ட இருக்குல்ல? நாளைக்குப் போட்டுட்டு வந்துரு" என்றார். அவ்வளவுதான் வேட்பாளர் தேர்வு. பரிசீலனையன்று மாவட்டத்தின் பேரில் ரோடு கான்ட்ராக்ட் ஒன்று முடியாமல் கிடந்தது தெரிந்து, அரசாங்கக் கான்ட்ராக்ட் வைத்திருப்பவர் தேர்தலில் நிற்கக்கூடாது என்று எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து நின்று ஆட்சேபித்து, மனு தள்ளுபடி ஆகிவிட்டது. தேர்தல் அதிகாரி தவசிமுத்துவின் பெயரைப் படித்தபோது அவர் வெளியே வேப்பமரத்தடியில் எல்லாருக்கும் வாங்கிய டீயைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தேடிக்கொண்டு வந்தவர்கள் அவர் கையிலிருந்து கிளாசை வாங்கி வைத்துவிட்டு மாலையைப் போட்டார்கள். மாலையைப் போட்டுக்கொண்டு அவர் முதலில் செய்த காரியம் மாவட்டத்தின் முகத்தைப் பார்த்ததுதான். இன்றைக்கு வரைக்கும் அந்த முகத்தை மறக்க முடியவில்லை, பந்தியில் தன் இலையில் வேறொருவன் உட்கார்ந்துவிட்டதைப் பார்க்கிறவர் முகம். அந்த வருடம் அலை வீசியது, யார் நின்றாலும் ஜெயித்திருப்பார்கள். தவசிமுத்து நின்றார், ஜெயித்தார். ஊரில் மாத்து எம்மெல்லே என்று ஒரு பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது.

பெயருக்கு என்ன, ஐந்து வருடம் ஜீப்பில் போனார். சைரன் கிடையாது, ஆனால் செண்பகராஜ் அடிக்கிற ஹாரன் சைரனுக்குக் குறைந்ததில்லை. முகூர்த்த நாட்களில் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் மண்டபம் மண்டபமாகப் போய்த் தாலி எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார், கையில் மஞ்சள் வாசம் போகாது, சாப்பிடும்போதும் வரும். ஒரு கல்யாணத்தில் முந்தின மண்டபத்துப் பெண் பெயரைச் சொல்லி வாழ்த்திவிட்டார், மாப்பிள்ளையின் மாமன் எழுந்து "அது யாருய்யா அந்தப் பொண்ணு?" என்று சண்டைக்கு வந்தான், செண்பகராஜ்தான் சமாளித்துக் கூட்டிக்கொண்டு வந்தான். அன்றைக்கு ஜீப்பில் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இப்போது அதை நினைத்து உதட்டோரம் சிரிப்பு வந்தது, வந்ததும் அடிவயிறு இழுத்துப் பிடித்தது, சிரிக்கக்கூடாது. ஆனால் அந்தத் தாலிகள் எதுவும் அவரைக் கூப்பிட்டதில்லை, எம்.எல்.ஏ.வைக் கூப்பிட்டன. அது அவருக்கு அப்போதே தெரியும். தொகுதி அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த சுழல் நாற்காலியில் மாவட்டம் உட்கார்ந்திருப்பார், தவசிமுத்து பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில். மனு கொண்டு வருகிறவர்கள் முதலில் அவரைக் கும்பிட்டுப் பிறகு இவரிடம் நீட்டுவார்கள், இவர் வாங்கி அவரிடம் கொடுப்பார். ஒரு நாள் மாவட்டம் இல்லாத நேரத்தில் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்ததும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது, எழுந்துவிட்டார். வந்தது பால்காரர். எம்.எல்.ஏ. ஒருவர் பால்காரருக்கு எழுந்து நின்ற கதை தமிழ்நாட்டிலேயே அது ஒன்றுதான் இருக்கும். சட்டசபையிலும் அதே கதை. பெரியகண்மாய் மடை உடைந்து மூன்று கிராமத்துக்குத் தண்ணீர் இல்லை, அதைப் பேச வேண்டும் என்று மானியக் கோரிக்கையில் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. ராத்திரி பூராவும் விடுதி அறையில் மடை மடை என்று சொல்லிப் பார்த்தார். காலையில் கொறடா வந்து, "தலைவரப் பாராட்டிட்டு விஷயத்துக்கு வாங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். பாராட்டினார். எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியவில்லை, நிறுத்தினால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று இன்னும் கொஞ்சம் பாராட்டினார், ஒரு வழியாகப் பெரியகண்மாய் என்று ஆரம்பித்தபோது பேரவைத் தலைவர் மணியை அடித்தார். மற்ற உறுப்பினர்கள் மணி அடித்தாலும் இன்னும் கொஞ்சம் இழுத்துப் பேசுவார்கள், அது எல்லோரும் செய்வதுதான், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தவசிமுத்து உட்கார்ந்துவிட்டார். மடையைப் பற்றி அவர் பேசவே இல்லை. வேறு யாரோ, வேறு எந்தக் கட்சி ஆட்சியிலோ, பிற்பாடு கட்டினார்கள்.

அவரைப் பார்த்து எந்தத் தேர்தலில் தோற்றீர்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர் எந்தத் தேர்தலிலும் தோற்றதில்லை. நின்றது ஒன்று, ஜெயித்தது ஒன்று, அந்தக் கணக்குக்கு இணை யாரும் கிடையாது. ஐந்து வருடம் முடிந்ததும் மாவட்டம் கூப்பிட்டு, "எடத்தப் பத்திரமாப் பாத்துக்கிட்ட தவசி" என்றார். கேட்கக்கூட இல்லை. இவரும் விண்ணப்பம் போடவில்லை. ராஜகனி இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள், "பஸ்ல எடம் போட்டுக் குடுக்கிறவன்கூட ஆளு வார வரைக்கும் அதுல ஒக்காந்துக்கிடுவான்" என்றாள். மாவட்டம் நின்றார், அந்தத் தடவை அலை எதிர்ப்பக்கம் வீசியது, டெபாசிட் தப்பியதே பெரிய காரியம். இப்போது மாவட்டமும் போய்ச் சேர்ந்தாயிற்று. இவரே நின்றிருந்தால்? நின்றிருந்தாலும் தோற்றுத்தான் இருப்பார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் தோற்றவன் ஒரு காலத்தில் எதையாவது தனதென்று வைத்திருந்தவன். இவர் என்ன வைத்திருந்தார்? அதற்குப் பிறகு தொகுதிக்கு எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள், இந்தப் பாலவிநாயகம் மூன்று வருடத்துக்கு முன்னால் எதிர்க்கட்சியிலிருந்து வேனில் ஆள் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தவன், வரும்போதே தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் மாதிரி வந்தான். தவசிமுத்துவைக் கண்டால் "அண்ணே, ஆசீர்வாதம்" என்று குனிவான், குனிகிறபோதே கண் கேமராவைத் தேடும். அவன்மேல் கோபம் இல்லை. கோபம் இல்லவே இல்லை. இந்த ஒரு தாலி போதும். எம்.எல்.ஏ. என்பதற்காக இல்லை, பெயர் வைத்தவர் என்பதற்காக, தவசிமுத்து என்பதற்காக ஒருவன் வீடு தேடி வந்து கேட்டிருக்கிறான். இது யாருக்கும் மாற்று இல்லை. இது மட்டும் நடந்துவிட்டால் மற்றதையெல்லாம் அவர் எப்படியாவது விழுங்கிக்கொள்வார். மணி ஒன்பதாகப் போகிறது. மேடையில் வெற்றிக்குமரன் பட்டு வேட்டியில் வியர்த்துப் போய் உட்கார்ந்திருந்தான், இவர் பார்ப்பதைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். செண்பகராஜ் வாசலுக்கும் மேடைக்குமாக அலைந்தான், இவர் பக்கம் மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை? வாக்குக் கொடுத்தவன் கண்ணைப் பார்க்காமல் போனால் என்ன அர்த்தம்? எழுந்து பின்பக்கம் போய்விட்டு அப்படியே பின்வாசல் வழியாக ஆட்டோ பிடித்துவிடலாமா, மயக்கமாக வந்தது என்று சொல்லிவிடலாம், சர்க்கரைக்காரனுக்கு மயக்கம் வருவதை யார் சந்தேகிப்பார்கள்? ராஜகனி சந்தேகிப்பாள்.

அந்த நேரத்தில்தான் பெண்ணின் தாய் சீனியம்மாள் மேடையிலிருந்தே சத்தம் போட்டாள். கட்டைக் குரல், ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. "என்னய்யா நெனச்சிக்கிட்டு இருக்கீங்க? நேரம் போய்க்கிட்டே இருக்கு, எம் புள்ள தல குனிஞ்சது குனிஞ்சபடி ஒக்காந்திருக்கா. வாரவரு வரட்டும், சாப்பிட்டுப் போகட்டும். தாலியக் கட்ட விடுங்க." இடிமுழக்கம் கந்தவேல் 'இன்னும் சற்று' என்று ஆரம்பித்தார். "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள், இடி அடங்கிவிட்டது. அவ்வளவு பேரும் செண்பகராஜைப் பார்த்தார்கள். செண்பகராஜ் ஒரு தடவை வாசலைப் பார்த்தான், பிறகு விறுவிறுவென்று நடந்து நேராக இந்த சோபாவுக்கு வந்தான். துவாலையை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணாச்சி, எந்திரிங்க." தவசிமுத்துவுக்குச் சட்டென்று காது அடைத்தது. "என்னப்பா, அவரு வந்துட்டா..." "வந்தா வரட்டும் அண்ணாச்சி. நான் ஒங்களத்தான கூப்புட்டேன்? வாங்க." கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டு இறக்குவானே, அதே பிடி. சோபாவிலிருந்து மேடைக்கு நடந்த தூரத்தில் முழங்கால் வலியும் தெரியவில்லை, அடிவயிறும் தெரியவில்லை, இவ்வளவு நேரம் இவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று கண் கலங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக வரிசையில் யாரும் தனக்கு முன்னால் இல்லை என்று தோன்றியது. சந்தோஷமாக இருந்தது, வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை, சந்தோஷம்தான்.

மேடையில் யாரோ ஒரு பெண் தட்டை நீட்டினாள். தேங்காய், அதன்மேல் மஞ்சள் கயிற்றில் தாலி. தவசிமுத்து இரண்டு கையாலும் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கந்தவேல் மைக்கை அவர் வாய்க்கருகில் கொண்டுவந்து வைத்துவிட்டு நாதஸ்வரக்காரர்களுக்குக் கையைக் காட்டத் தயாராக நின்றார். வெற்றிக்குமரன் இரண்டு கையையும் நீட்டினான், "குடுங்க பெரியப்பா" என்றான். இரண்டு பேர் கைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அப்போது வாசலில் சரவெடி வெடித்தது. 'வாழ்க' என்று நாலைந்து குரல், கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம். மண்டபத்தில் சிலர் திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை. செண்பகராஜ் திரும்பவே இல்லை, அவன் தன் மகன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். சீனியம்மாள், "குடுங்கய்யா, கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்றாள். கொடுக்க வேண்டியதுதான். கொடுக்கத்தான் நினைத்தார், பிற்பாடு ஆயிரம் தடவை யோசித்தாலும் அந்த நொடியில் அவர் கொடுக்கத்தான் நினைத்தார் என்று சத்தியம் செய்வார். ஆனால் நீட்டிய கை தானாகப் பின்னால் வந்தது, உடம்பு தானாக ஒரு எட்டு இடப்பக்கம் நகர்ந்து வலப்பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டது. வாயும் தானாகத்தான் திறந்தது. "கொஞ்சம் இருப்பா, வந்துட்டாரு" என்றார். ஒலிபெருக்கி அதை வாங்கி மண்டபம் முழுக்கச் சொன்னது. பந்திக் கூடம் வரைக்கும் கேட்டிருக்கும்.

வெற்றிக்குமரன் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டான். "சரி பெரியப்பா" என்றான். செண்பகராஜ் தலை குனிந்துகொண்டான். கந்தவேலுக்கு உயிர் வந்தது, 'இதோ இதோ' என்று முழங்க ஆரம்பித்தார். வாசலில் பாலவிநாயகத்துக்கு ஆள் மாற்றி ஆள் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள், இளவட்டங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு செல்போனில் படம் எடுத்தார்கள், அவன் ஒவ்வொருவருக்கும் நின்று சிரித்தான், அவசரப்படவில்லை, தனக்காக இடம் காத்திருக்கிறது என்று தெரிந்தவன் எதற்கு அவசரப்பட வேண்டும். மேடைக்கு வந்து சேர இன்னும் எவ்வளவு நேரம் ஆகுமோ. இப்போதுகூடக் கொடுத்துவிடலாம். தாலி இவர் கையில்தான் இருக்கிறது, பையன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறான், யாரும் இவரை நிறுத்தவில்லை, யாருமே நிறுத்தச் சொல்லவில்லை. இது அவருக்கு நன்றாக விளங்கியது. காலையிலிருந்து நிமிராத மணப்பெண் இப்போது தலையை நிமிர்த்தி இந்தப் பெரியவர் யார் என்பதுபோல் அவரைப் பார்த்தாள். தவசிமுத்து அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லாமல், வருகிறவர் வாங்குவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று, தாலியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.